துபாய்க்கு வருபவர்கள் கூடி ஓட, ஆட, மலையேற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாய்க்கு விசிட் விசாவில் வருபவர்களில் பெரும்பாலோர் புர்ஜ் கலீஃபா, இரண்டு மால், ஒரு டெசர்ட் சஃபாரி என்று பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். விடியற்காலையில் கூட்டமாகச் சைக்கிள் மிதிப்பவர்களும், விடுமுறை நாளில் வெறும் மணல் திடலில் ஸ்டம்ப் நட்டு ஆடுபவர்களும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இந்த ஊரை அறிய அந்தக் கூட்டத்தோடு ஒருநாள் சேர்ந்துகொள்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. செலவும் மிகக் குறைவு. இங்கே வரும் உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இதோ பதில்கள்.

எந்த மாதம் வந்தால் வெளியில் விளையாட முடியும்?

நவம்பர் முதல் மார்ச் வரை. இந்த மாதங்களில் பகலிலேயே ஓடலாம், மலையேறலாம். ஜனவரி விடியற்காலையில் மெல்லிய ஸ்வெட்டர்கூடத் தேவைப்படும். அக்டோபரும் ஏப்ரலும் இரண்டுங்கெட்டான்: காலையும் மாலையும் சரி, மதியம் வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதைவிடக் கொடுமை கடலோரப் புழுக்கம். காற்றில் ஈரம் கூடிவிட்டால் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. சென்னை வெயிலைப் பார்த்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று யாரும் இறங்கிவிட வேண்டாம். வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை கட்டாய ஓய்வு கொடுக்க வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. விளையாட வந்தவருக்கு அந்த நேரத்தில் வெளியே வேலையே இல்லை.

எனக்குக் கோடை விடுமுறையில்தான் வர முடியும். அப்போது ஒன்றுமே செய்ய முடியாதா?

முடியும், ஆனால் கூரைக்குக் கீழே. கோடையில் உலக வர்த்தக மையத்தின் பெரிய அரங்குகளை 'துபாய் ஸ்போர்ட்ஸ் வேர்ல்டு' என்ற பெயரில் விளையாட்டுக் கூடமாக மாற்றிவிடுவார்கள். பேட்மின்டன், கால்பந்து, கிரிக்கெட், கூடைப்பந்து, டேபிள் டென்னிஸ் எல்லாம் ஏசிக்குள் நடக்கும். மணிக்கணக்கில் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். 2025 ஆகஸ்டில் 'மால்லத்தான்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள்: பெரிய மால்களைக் காலை 7 முதல் 10 வரை நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் திறந்துவிடும் ஏற்பாடு. கடைகள் திறப்பதற்கு முன்னால் மாலுக்குள் குடும்பத்தோடு நடப்பது நன்றாகவே இருக்கிறது, அதுவும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டி வந்திருந்தால்.

மால் ஆஃப் தி எமிரேட்ஸில் இருக்கும் ஸ்கி துபாய் 2005இலிருந்து நடக்கிறது. பனிச்சறுக்கு தெரியாவிட்டாலும் பனியில் விளையாடத் தனி இடம் உண்டு. நத் அல் ஷெபாவில் 60 மீட்டர் ஆழமுள்ள 'டீப் டைவ் துபாய்' நீச்சல்குளம் 2021இல் திறந்தது. நீருக்கடியில் ஒரு கைவிடப்பட்ட நகரம் போலக் கட்டி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் விலை அதிகம்தான். முக்குளிப்பில் ஆசை இருப்பவருக்கு மட்டும் சொல்வேன்.

காசு செலவில்லாமல் பெரிய கூட்டத்தோடு ஓட வேண்டும். எப்போது வரலாம்?

நவம்பரில். பட்டத்து இளவரசர் ஷேக் ஹம்தான் 2017இல் தொடங்கிய 'துபாய் ஃபிட்னஸ் சேலஞ்ச்' அந்த மாதத்தை ஒட்டித்தான் நடக்கும். 30 நாள், தினமும் 30 நிமிடம் உடற்பயிற்சி என்பது கணக்கு. அந்த ஒரு மாதமும் கடற்கரையிலும் பூங்காக்களிலும் யோகா, ஜூம்பா, குத்துச்சண்டை என்று இலவச வகுப்புகள் நடந்துகொண்டே இருக்கும். விசிட் விசாவில் வந்தவரும் சேரலாம்.

அந்த மாதத்தின் உச்சம் 'துபாய் ரன்'. பதினான்கு வழித்தட அளவுக்கு அகலமான ஷேக் சாயித் சாலையை ஒரு காலைப்பொழுது வண்டிகள் இல்லாமல் மூடி, ஓடுபவர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று இரண்டு பாதைகள் உண்டு. கட்டணம் கிடையாது, ஆனால் ஆன்லைனில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2024இல் இரண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பாதிப்பேர் ஓடுவதில்லை, நடக்கிறார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டும் வருகிறார்கள். அதனால் உடம்பு பழக்கமில்லையே என்று தயங்க வேண்டாம். அன்று மெட்ரோ வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஓடத் தொடங்கும். காரை மறந்துவிட்டு மெட்ரோவில் போங்கள், மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் உதவும் நோல் பயண அட்டையில் போதுமான பணம் இருக்கட்டும். இதே சாலையில் சைக்கிளுக்கென்று 'துபாய் ரைடு' இன்னொரு நாள் நடக்கும்.

நேரம் பார்த்து ஓடுகிற ஓட்டக்காரர் என்றால் ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். 2000இலிருந்து நடக்கும் துபாய் மாரத்தானின் பாதை சமதளமானது, காலைக் குளிரும் ஒத்துழைக்கும். அதற்குக் கட்டணம் உண்டு.

மற்ற மாதங்களில் ஓட்டக் குழுக்களில் வெளியாள் சேர முடியுமா?

சேரலாம். வாரத்தில் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் கூடி ஓடும் குழுக்கள் இங்கே நிறைய. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமோ உறுப்பினர் அட்டையோ தேவையில்லை. இன்ஸ்டாகிராமிலோ ஓட்டச் செயலிகளிலோ தேடினால் கிடைக்கும். செய்தி அனுப்பினால் வாட்ஸ்அப்பில் லொகேஷன் வரும். ஒன்றை நினைவில் வையுங்கள்: வாட்ஸ்அப்பில் செய்தி போகும், குரல் அழைப்பு இங்கே வேலை செய்யாது. கடற்கரையில் நின்றுகொண்டு ஆளைத் தேட நேர்ந்தால் சாதாரண அழைப்புதான் கைகொடுக்கும். ஏர்போர்ட்டிலேயே ஒரு சிம் வாங்கிவிடுங்கள்.

தனியாகத் தொடங்க நினைப்பவருக்கு ஜுமேரா கடற்கரையோர ஓடுபாதையைச் சொல்வேன். ரப்பர் பதித்த 14 கிலோமீட்டர் பாதை, ஒருபக்கம் கடல், தூரத்தில் புர்ஜ் அல் அரப். கைட் பீச் பக்கம் மாலை ஐந்து மணிக்குப் போய் நின்றாலே ஓடுபவர்கள், வாலிபால் ஆடுபவர்கள், கைட் சர்ஃபிங் செய்பவர்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். வாலிபால் வலை ஓரம் கொஞ்ச நேரம் நின்று, ஆள் குறைகிறதா என்று கேட்டால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

கிரிக்கெட் ஆட இடம் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதுமே ஆசை. துபாயின் உண்மையான தெரு விளையாட்டு இதுதான். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்களும் அலுவலகக்காரர்களும் விடுமுறை நாளின் விடியற்காலையில் கட்டடமில்லாத மணல் திடல், காலி பார்க்கிங் என்று கிடைத்த இடத்தில் ஆடுவார்கள். பந்து பெரும்பாலும் டேப் பால். டென்னிஸ் பந்தின் மேல் எலக்ட்ரிக்கல் டேப்பை இறுக்கிச் சுற்றியது. கராச்சித் தெருக்களில் பிறந்த பழக்கம். கார்க் பந்தின் எடையில்லாமல் அதன் வேகம் கிடைக்கும், சமயத்தில் ஸ்விங்கும் ஆகும். ஹெல்மெட்டும் பேடும் இல்லாமலே ஆடலாம். நம் ஊர் ரப்பர் பந்துக்குப் பழகியவருக்கு முதல் ஓவரில் கொஞ்சம் திணறும்.

முன்பு வெள்ளிக்கிழமைதான் கிரிக்கெட் நாள். 2022 ஜனவரியில் அரசு வார விடுமுறையை சனி, ஞாயிறு என்று மாற்றி வெள்ளியை அரைநாள் ஆக்கியது. அதன்பின் அலுவலக அணிகள் சனி, ஞாயிறுக்கு நகர்ந்துவிட்டன. உங்கள் உறவினரின் கம்பெனியில் நிச்சயம் ஓர் அணி இருக்கும். விசாரித்தால் பதினோராவது ஆளாக ஓர் இடம் கிடைத்துவிடும்.

புல்தரையில், வெள்ளைப் பந்தில் ஆட வேண்டுமென்றால் துபாய் ஸ்போர்ட்ஸ் சிட்டியில் ஐசிசி அகாடமி இருக்கிறது. உலகக் கிரிக்கெட்டின் தலைமையகமே 2005இல் லண்டன் லார்ட்ஸிலிருந்து துபாய்க்கு வந்துவிட்டது. ஷார்ஜா மைதானத்தையும் விட்டுவிடாதீர்கள். 1998 ஏப்ரலில் மணற்புயலுக்கு நடுவே டெண்டுல்கர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சதம் அடித்தது அங்கேதான்.

கபடி?

பார்க்கவும் ஆடவும் வாய்ப்பு உண்டு, கிரிக்கெட் அளவுக்கு இல்லை. 2018 ஜூனில் ஆறு நாடுகள் மோதிய கபடி மாஸ்டர்ஸ் போட்டி துபாயில் நடந்தது. இறுதியில் ஈரானை 44-26 என்று வென்றது இந்தியா. ஊர்ச் சங்கங்களின் விழாக்களில் கபடி, கயிறு இழுத்தல் எல்லாம் வைப்பார்கள். பொங்கலை ஒட்டி வருபவர்கள் தமிழ் அமைப்புகளிடம் விசாரித்துப் பாருங்கள்.

சைக்கிள் எங்கே ஓட்டலாம்? வாடகைக்குக் கிடைக்குமா?

அல் குத்ரா. ஊருக்கு வெளியே பாலைவனத்தின் நடுவே 80 கிலோமீட்டருக்கு மேல் போட்ட சைக்கிள் பாதை. தொடங்கும் இடத்திலேயே வாடகைக் கடை இருக்கிறது, குளியலறையும் சாப்பிடும் இடமும் உண்டு. வழியில் அரேபிய ஓரிக்ஸ் மான் குறுக்கே போவதைப் பார்க்கலாம். ஆனால் புதியவர்கள் கவனிக்க வேண்டியது: உள்ளே போகப் போக நிழலே கிடையாது, எதிர்காற்று அடித்தால் திரும்பி வருவது இரண்டு மடங்கு வேலை. முதலில் காற்றுக்கு எதிராகப் போய், வரும்போது காற்றோடு வாருங்கள். குளிர்காலக் காலைகளில் மூடுபனி இறங்கும். பின்விளக்கு இல்லாமல் அப்போது கிளம்பாதீர்கள். ஹெல்மெட் கட்டாயம்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் நத் அல் ஷெபா சைக்கிள் பூங்காவில் 4, 6, 8 கிலோமீட்டர் சுற்றுகள் உள்ளன. இரவில் விளக்கு எரியும் என்பதால் கோடையிலும் ஒருமாதிரி சமாளிக்கலாம். ஊருக்குள் குட்டிப் பயணத்துக்குக் கரீம் பைக் நிலையங்கள் போதும். செயலியில் பணம் கட்டி எடுத்து, இன்னொரு நிலையத்தில் விட்டுவிடலாம்.

கொஞ்சம் வித்தியாசமாக ஒன்று: அபுதாபியில் ஃபார்முலா 1 பந்தயம் நடக்கும் யாஸ் மரினா சர்க்யூட்டின் 5.281 கிலோமீட்டர் பாதையை வாரத்தின் சில மாலைகளில் ஓடுபவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். பெண்களுக்கு மட்டுமான மாலையும் உண்டு.

டெசர்ட் சஃபாரியும் ஆஃப்-ரோடு குழுவும் ஒன்றா?

இல்லை. சஃபாரியில் நீங்கள் பயணி. ஓட்டுநர் உங்களை மணல் மேட்டில் ஏற்றி இறக்கி, மாலையில் முகாமில் சாப்பாடு, நடனம் என்று முடிப்பார். லஹ்பாப் பக்கத்துச் செம்மணலுக்குத்தான் பெரும்பாலும் போவார்கள். சுற்றுலாத் துறை உரிமம் உள்ள நிறுவனமா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். மதியச் சாப்பாட்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் தொந்தரவு உள்ளவர்கள் மணல் மேடு ஏறக் கூடாது. அவர்களை நேராக முகாமுக்குக் கொண்டுபோய் விடும்படி முன்பே சொல்லலாம்.

ஆஃப்-ரோடு குழு என்பது இங்கே வாழ்பவர்கள் சொந்த ஃபோர்-வீல் வண்டிகளோடு வரிசையாகப் போவது. முன்னே வழி தெரிந்த ஒருவர், பின்னே வண்டி இழுக்கத் தெரிந்த ஒருவர். மணலில் இறங்கும் முன் டயரின் காற்றை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைப்பார்கள். டயர் தட்டையாகி மணலில் பரந்து பதியும், வண்டி புதையாது. மேட்டின் மறுபக்கம் வருபவருக்குத் தெரிய நீளக் கம்பியில் கொடி கட்டுவார்கள். உங்கள் நண்பர் அப்படி ஒரு குழுவில் இருந்தால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போய்வாருங்கள். சஃபாரியில் கிடைக்காத பாலைவனம் அது. வாடகைக் காரை மட்டும் மணலில் இறக்காதீர்கள். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் அங்கே ஏற்படும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

மலையேற ஆசை. துபாயில் மலை எங்கே இருக்கிறது?

ஹத்தாவில். துபாய் எமிரேட்டைச் சேர்ந்ததுதான், ஆனால் நகரத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி ஹஜர் மலைத்தொடரில் கிடக்கிறது. துபாய் மால் பேருந்து நிலையத்திலிருந்து எச்02 எக்ஸ்பிரஸ் பேருந்து போகிறது. அணையில் கயாக் ஓட்டலாம், மலைப்பாதையில் நடக்கலாம், மௌன்டன் பைக் வாடகைக்கு எடுக்கலாம். பாதைகளைக் கடினத்துக்கு ஏற்ப நிறம் பிரித்துக் காட்டியிருப்பார்கள். அங்குள்ள சாகசப் பூங்கா குளிர்காலத்தில்தான் திறந்திருக்கும்.

நாட்டின் மிக உயரமான மலை, ராஸ் அல் கைமா எமிரேட்டில் இருக்கும் ஜெபல் ஜைஸ். 2018இல் அங்கே திறந்த 2.83 கிலோமீட்டர் ஜிப்லைன் உலகிலேயே நீளமானது என்று கின்னஸில் ஏறியது. உயரத்துக்கும் எடைக்கும் வரம்பு உண்டு, டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைப்பயணத்தில் நான் மிகவும் வலியுறுத்துவது மழை விஷயம். இங்கே வாதி என்பது வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகை. மழை வேறெங்கோ மலைமேல் பெய்யும்; நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். பாறை தண்ணீரை உறிஞ்சாது என்பதால் அத்தனையும் ஒரே வீச்சில் இறங்கும். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அடித்துச் செல்லப்பட்டிருக்கிறார்கள். 2023இல் கொண்டுவந்த விதிப்படி, மழை நேரத்தில் வாதி, அணைப் பக்கம் கூடினால் 1,000 திர்ஹம் அபராதம். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை விட்டால் 2,000 திர்ஹமும் வண்டி 60 நாள் பறிமுதலும். மழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். குழுத்தலைவர் 'ஒன்றும் ஆகாது' என்று சொன்னாலும் நீங்கள் போகாதீர்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள ஷூ, தொப்பி. செருப்பு வேண்டாம். நாட்டின் தேசியத் தேடல் மீட்பு மையத்தின் எண் 995. போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. மூன்றையும் கிளம்பும் முன் போனில் ஏற்றிவிடுங்கள்.

கடலில் குளிக்க, டைவ் அடிக்க?

பொதுக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. பகல் வெயில் தாங்காதவர்களுக்காக ஜுமேரா 2, ஜுமேரா 3, உம் சுகைம் 1 கடற்கரைகளில் 2023 முதல் இரவிலும் குளிக்க விளக்கும் காவலும் போட்டிருக்கிறார்கள். கோடையில் போக நல்ல இடம்.

ஸ்கூபா என்றால் கிழக்குக் கரையில் ஃபுஜைராதான். ஸ்னூப்பி தீவு, திப்பா ராக் பக்கம் ஆமைகளும் பவளமும் தெரியும். ஊருக்குப் பறப்பதற்கு முந்தைய நாள் டைவ் வைத்துக்கொள்ளாதீர்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழியாக மாறும் ஆபத்து இருப்பதால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம் விடச் சொல்கிறார்கள். 24 விட்டால் நிம்மதி. டைவ் முடித்த கையோடு ஜெபல் ஜைஸ் ஏறுவதும் அதே காரணத்தால் தவறு.

பெண்கள் என்ன உடை அணிய வேண்டும்? தனியாக ஒரு குழுவில் சேரலாமா?

ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் வழக்கமான விளையாட்டு உடை போதும். தலையை மூடக் கட்டாயமில்லை. நீச்சல் உடை கடற்கரையோடும் குளத்தோடும் நிற்கட்டும், அங்கிருந்து கடைக்குள் போகும்போது மேலே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் மட்டுமே ஓடும், சைக்கிள் ஓட்டும் குழுக்கள் இருக்கின்றன. கலப்புக் குழுக்களிலும் பெண்கள் நிறைய. அதிகாலை ஐந்து மணிக்கு இங்கே ஒரு பெண் தனியாக ஓடுவது சாதாரணக் காட்சி.

வயதான பெற்றோருக்கு ஏதாவது?

காலை நடைக்கு ஜபீல் பூங்கா. மாலையில் அல் ஃபாஹிதி பழைய தெருக்களைச் சுற்றிவிட்டு, ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் ஊருக்குள் நீளும் க்ரீக் என்ற கடற்கழியைக் கடக்கலாம். குளிர்காலத்தில் ராஸ் அல் கோர் சதுப்பு நிலத்தில் பூநாரைக் கூட்டத்தை மறைவிடத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், கட்டணம் இல்லை. ஜபீல் பூங்காவுக்குப் பக்கத்தில் கராமாவில் இட்லியும் பில்டர் காபியும் கிடைக்கும். அதற்காகவே பல ஓட்டக்காரர்கள் அந்தப் பக்கம் வருகிறார்கள்.

ரமலான் மாதத்தில் வந்தால்?

பகலில் வெளியில் விளையாட்டு குறைந்துவிடும், இரவில் களைகட்டும். இஃப்தாருக்குப் பிறகு நள்ளிரவு தாண்டியும் வாலிபால், பேடல் (சுவர் சூழ்ந்த சிறிய கோர்ட்டில் ஆடும் டென்னிஸ் போன்ற ஆட்டம்), ஓட்டம் என்று நடக்கும். நத் அல் ஷெபா வளாகத்தில் ஒரு பெரிய போட்டித் தொடரே அந்த மாதத்தில் உண்டு, போய்ப் பார்க்கலாம். பகலில் ஓடினால் நோன்பிருப்பவர்கள் முன்னால் தண்ணீர் குடிக்காமல் ஓரமாக ஒதுங்கிக் குடிப்பது மரியாதை.

தெரியாமல் செய்து மாட்டிக்கொள்ளும் தவறுகள் உண்டா?

உண்டு. அறிமுகமில்லாதவர்களை, குறிப்பாகப் பெண்களையும் குடும்பங்களையும், அனுமதியின்றிப் படமெடுத்தால் அபராதமும் சிறையும் வரை போகும். குழுப் படம் எடுத்தாலும் வெளியிடும் முன் கேட்டுவிடுங்கள். ட்ரோனை அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 'இந்த ஓட்டத்துக்கு நன்கொடை தாருங்கள்' என்று ஊரில் செய்வதுபோல இங்கே பணம் திரட்டக் கூடாது. உரிமம் பெற்ற அமைப்புகள் மட்டுமே திரட்டலாம். விசிட் விசாவில் வந்து யோகா, நீச்சல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குவதும் சட்டப்படி குற்றம். சேர்ந்து ஆடுவதில் ஒரு சிக்கலும் இல்லை.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக வருகிறோம். நாங்களே ஏதாவது ஏற்பாடு செய்யலாமா?

தாராளமாக. அல் கூஸ், அல் குசைஸ் பக்கம் கிடங்குகளையே பேட்மின்டன், பேடல், உள்ளரங்கக் கிரிக்கெட் கூடங்களாக மாற்றி வைத்திருக்கிறார்கள், மணிக்கணக்கில் வாடகை. பேடல் இப்போது ஊரையே பிடித்து ஆட்டுகிறது. நாலு பேர் போதும், பத்து நிமிடத்தில் பழகிவிடும், மட்டையும் அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். மாலை ஏழு முதல் பத்து வரை இடம் கிடைப்பது கஷ்டம், விலையும் கூடுதல். வேலை நாளில் பகல் நேரம் கேளுங்கள். பரிசு, நுழைவுக் கட்டணம், விளம்பரம் என்று பொது இடத்தில் போட்டி நடத்துவதானால் துபாய் விளையாட்டுக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். நண்பர்களுக்குள் ஒரு மேட்ச் என்றால் கோர்ட்டை ஒருவர் பெயரில் பதிவு செய்து, ஷூவின் அடிப்பகுதி உள்ளரங்கத் தரைக்கு ஏற்றதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.